மதினிக்கு ஒரு மெட்ராஸ் பிளான்

சொட்டு மருந்தை விட்ட சிஸ்டர், "கண்ணைத் திறந்துராதீங்கம்மா. இன்னும் ரெண்டு தடவை விடணும், முக்கால் மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். முக்கால் மணி நேரம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள் தங்கபுஷ்பம். ஒரு பொம்பளை நிம்மதியாக உட்கார்ந்து இன்னொரு பொம்பளையைப் பழிவாங்க யோசிப்பதற்கு இந்தக் காலத்தில் முக்கால் மணி நேரம் யார் கொடுக்கிறார்கள். வீட்டில் என்றால் குக்கர் கத்தும், தண்ணி லாரி வரும், மாவு பொங்கி வழியும். இங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலையே. மருந்து கண்ணுக்குள் எரிந்து, பிறகு தொண்டைக்குள் கசப்பாக இறங்கியது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வருகிறதோ, வந்தது. சர்க்கரை என்றால் காலைத்தான் பிடிக்கும் என்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது கண் என்கிறார்கள். வருஷம் ஒரு தடவை கண்மணியை விரிய வைத்து உள்ளே நரம்பைப் பார்க்க வேண்டுமாம், அசட்டையாக விட்டால் பார்வையே போய்விடுமாம். போகட்டும், போகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதினி வருகிறாள்.

காலையில் ஆட்டோவில் வரும்போது புருஷன் ராமசுப்பு அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, என்னமோ மழை வரும்போல என்று சொல்கிற மாதிரி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்கா போன் போட்டுச்சு. அத்தான், அக்கா, அரவிந்த், அந்தப் புது மருமகப் புள்ள, நாலு பேரும் வெள்ளிக்கிழமை காலையில எறங்குறாங்க. ஞாயித்துக்கிழமை நைட்டு ரயிலு. எங்க தங்குறது, எங்க சாப்பிடுறது, எதெதப் பாக்குறது, எல்லாம் நீயே ஒரு பிளான் போட்டுச் சொல்லிரணுமாம். பதினோரு மணிக்கு உனக்கே பேசும்." நம் வீட்டில் தங்கவில்லையா என்று கேட்டாள். ஒரே பாத்ரூம், புதுப் பொண்ணு சங்கடப்படும் என்று அக்காவே லாட்ஜ் போடச் சொல்லிவிட்டதாம். சங்கடமாம். கல்யாணமாகி வந்த புதிதில் கோவில்பட்டி வீட்டில் பதினொரு பேருக்கு ஒரே கக்கூஸ், தங்கபுஷ்பம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போய்விட்டு வந்து படுத்துக்கொள்வாள், அப்போது மதினி செண்பகவல்லிக்கு எந்தச் சங்கடமும் வரவில்லை. "நீ போட்டா சரியா இருக்கும், உனக்குத்தான் மெட்ராஸ் அத்துப்படி" என்றார் ராமசுப்பு. சரியாகத்தான் இருக்கும். சரியாக, திருகாணி மாதிரி, அந்தந்த இடத்தில் போய் இறங்குகிற மாதிரி போட்டுத் தருகிறேன் என்று சொல்லவில்லை, "ம்" என்று மட்டும் சொன்னாள். இருபத்தாறு வருஷமாக அவள் அவரிடம் சொன்னதெல்லாம் அந்த "ம்"தான். அதற்குள் என்னென்ன கிடக்கிறது என்று அந்த மனுஷன் ஒருநாள் திறந்து பார்த்ததில்லை, இப்போதுகூடக் கீழே டீக்கடையில் வடை தின்றுகொண்டிருப்பார்.

மைசூர். அதை நினைத்தால் இப்போதும் அடிவயிறு கனக்கிறது, நிஜமாகவே கனக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு மூன்று மணி நேரம் ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு மாசம். அவளும் அவரும் மட்டும் போவதாகத்தான் பேச்சு. அக்காவும் வரட்டும், பிள்ளைகளும் பார்த்த மாதிரி இருக்கும் என்று ஆரம்பித்து, அத்தை, கொழுந்தன் என்று எட்டுப் பேர் ஆகி, பிளான் போடும் பொறுப்பை மதினி எடுத்துக்கொண்டாள். எந்த லாட்ஜ், எந்த ஓட்டல், எத்தனை மணிக்கு எங்கே, எல்லாம் மதினி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். கடைசி நாள் காலையிலேயே ரூமைக் காலி செய்தாயிற்று. ஏழு பை. அரண்மனை வாசலுக்கு வந்த பிறகுதான் மதினி பைகளைப் பார்க்கிறாள், இத்தனை நேரம் அவை எங்கே இருந்தனவோ. "இத்தனையையும் தூக்கிக்கிட்டு யாரு உள்ள போறது? தங்கம் சின்னப் புள்ளதான, இங்ஙன நெழல்ல உக்காந்து பாத்துக்கிடட்டும். நாம பாத்துட்டு வந்ததும் அவ போயிட்டு வரட்டும்." நாம என்பதில் அவள் இல்லை, அவ என்பதில் இருந்தாள். ராமசுப்பு நாலு வயது அரவிந்தைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்த்தாரே, அதை மன்னிக்கவே முடியாது, பார்க்காமல் போயிருந்தால் தெரியாமல் போய்விட்டார் என்று விட்டிருப்பாள். பிறகு வெயில். நிழல் நகர்ந்துகொண்டே போயிற்று, அவள் ஏழு பையையும் ஒவ்வொன்றாக நிழலுக்கு இழுத்துக்கொண்டே போனாள். ஊதுபத்தி விற்கிற ஒருவன் கன்னடத்தில் ஏதோ கேட்டான், புரியவில்லை, பையைத்தான் கேட்கிறான் என்று பயந்து எல்லாவற்றையும் காலுக்குக் கீழே சேர்த்துக்கொண்டாள். மதினியின் பையில் இருந்த எலுமிச்சை ஊறுகாய் டப்பா சாய்ந்து எண்ணெய் கசிந்து அவளுடைய கல்யாணப் பட்டின் ஓரத்தில் ஏறியது. பாத்ரூம் எதிரிலேயே இருந்தது, போர்டு தெரிந்தது, பதினைந்து எட்டு வைத்தால் போதும், ஏழு பையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது. மூன்று மணி நேரம். அவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவள் எழுந்தாள். மதினி கையைத் திருப்பி வாட்சைப் பார்த்து, "நேரமாச்சே, பஸ்ஸு போயிரும்" என்றாள். அவ்வளவுதான். நேரமாச்சே. ராமசுப்பு பக்கத்தில் வந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, "உள்ள பெருசா ஒண்ணுமில்ல" என்றார்.

பெருசா ஒண்ணுமில்ல. அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து, புதுப்பொண்ணே, அரண்மனை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். மதினி குறுக்கே வந்து, "அவளுக்கென்ன, வாயப் பொளந்து பாத்தாள்ல" என்றாள். அந்த இடத்திலேயே தங்கபுஷ்பம், "இல்லை, நான் பார்க்கவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, எத்தனை ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள், ஏன் சொல்லவில்லை. ஆறு மாசப் பெண்டாட்டியைப் பைக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள் என்பது வெளியே தெரிந்தால் அசிங்கம் அவளுக்குத்தான் என்று தோன்றியது. அதனால் சொன்னாள், பஸ்ஸில் மற்றவர்கள் பேசிக்கொண்டு வந்ததை எல்லாம் கோத்து, கூரையில் கண்ணாடிக்குள் மயில், தூண் தூணாக நீலம், கால் வழுக்குகிற தரை என்று சொன்னாள். நன்றாகச் சொல்லிவிட்டாள், சனியன், அதுதான் தப்பாகப் போயிற்று. மதினிக்கே அது உண்மையாகிவிட்டது. அதற்குப் பிறகு யார் மைசூர் போகிறேன் என்றாலும், "நம்ம தங்கத்துகிட்ட கேளு, அவதான் கண்ணுல நிக்கிற மாதிரி சொல்லுவா" என்று இவளிடம் அனுப்பிவைப்பாள். போன வருஷம் அரவிந்த் கல்யாணத்தில் சம்பந்திக்காரர்களுக்கு முன்னால் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாள். தங்கபுஷ்பம் பந்தியில் நின்றுகொண்டு, கையில் பாயாச வாளியோடு, பார்க்காத மயிலைச் சொன்னாள். ராமசுப்பு பக்கத்தில் நின்று தலையாட்டினார், அவரும் மறந்துவிட்டார். ஒரு ஆளை வெளியே உட்கார வைத்ததுமில்லாமல், உள்ளே வந்ததாகச் சாட்சியும் சொல்ல வைத்துவிட்டார்கள்.

"அம்மா, தலைய நிமிருங்க" என்று சிஸ்டரின் குரல் கேட்டது, இரண்டாவது சொட்டு விழுந்தது. கண்ணோரம் வழிந்ததைப் பஞ்சால் துடைத்த சிஸ்டர், "ரொம்ப எரியுதாம்மா?" என்று கேட்டாள். எரியுது என்றாள் தங்கபுஷ்பம். சரி, பிளானுக்கு வருவோம். முதலில் தங்குவது. திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜ் இருக்கிறது, ராமசுப்புவின் ஆபீஸ்காரர் ஒருத்தர் தங்கிவிட்டு வந்து அழுதார், லிப்ட் கிடையாது, ரூம் கேட்டால் மூன்றாவது மாடியில்தான் கொடுப்பான், பாத்ரூம் மாடிக்கே பொது, ஜன்னலை ஒட்டிக் கல்யாண மண்டபம். மதினிக்கு ரெண்டு முட்டியும் தேய்ந்து போயிருக்கிறது, ஒரு மாடி ஏறுவதற்குள் முருகா முருகா என்பாள். ஏறட்டும். முகூர்த்த நாளாக இருந்தால் விடியற்காலை மூன்றரைக்கே நாதஸ்வரத்தை மைக்கில் போடுவான். அங்கேயிருந்து பீச் பக்கம்தான் மதினி, காற்று வரும் மதினி என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. அடுத்தது சாப்பாடு. மதினிக்கு மணி ஒன்று அடித்தால் இலை முன்னால் இருக்க வேண்டும், ஒன்றரை ஆனால் ஒற்றைத் தலைவலி வந்து துண்டைக் கட்டிக்கொள்வாள், கல்யாண வீடாக இருந்தாலும் இழவு வீடாக இருந்தாலும் அவளுக்கு ஒரு மணி பந்தி. அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு மெஸ், சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்தவன் நின்று எப்போது எழுந்திரிப்பான் என்று தலையைப் பார்த்துக்கொண்டிருப்பான், சனிக்கிழமை மதியம் முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து இடம் கிடைக்காது. கிடைத்தாலும் மீன் குழம்பு காரத்துக்கு மதினியின் வயிறு ராத்திரி முழுக்கப் பேசும். மூன்று மாடி, பொது பாத்ரூம், நாதஸ்வரம். தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது, கண்ணை மூடிக்கொண்டு தனியாகச் சிரித்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு யாருமே பார்க்க மாட்டார்கள், இந்த வரிசையில் எல்லோருக்கும் கண் மூடித்தான் இருக்கிறது என்று ஞாபகம் வந்து நன்றாகவே சிரித்தாள்.

பார்க்கிற இடம்தான் முக்கியம், அதுதான் உயிர். எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு. மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அது தெரியாமல் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கோட்டைக்குள் இருக்கிற மியூசியமும் வெள்ளிக்கிழமை லீவுதான். ஒரே நாளில் ரெண்டு பூட்டு. ரயிலை விட்டு இறங்கி, பல்லைத் தேய்த்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு ஒரு கேட், அங்கேயிருந்து ஆட்டோ பிடித்து இன்னொரு கேட். அடச்சே, தெரியாமப் போச்சே மதினி என்று போனில் சொல்ல வேண்டும், குரலில் கொஞ்சம் அழுகை இருக்க வேண்டும். அப்புறம் மயிலாப்பூர் கோயில், பன்னிரண்டே காலுக்குப் போய்ச் சேருகிற மாதிரி, நடை சாத்தியிருக்கும், நாலு மணிக்குத்தான் திறப்பான். அப்புறம் மகாபலிபுரம், சனிக்கிழமை நடு மத்தியானம், பாறை கொதிக்கும். எல்லா வாசலுக்கும் போக வேண்டும், எதற்குள்ளேயும் போகக் கூடாது. செண்பகவல்லி பட்டணத்துக்கு வந்தாள், பட்டணத்தை வெளியே நின்று பார்த்தாள், திரும்பிப் போனாள், அவ்வளவுதான் பிளான். ஊரில் கேட்பார்கள் அல்லவா, மெட்ராஸ் எப்படி இருந்தது என்று. அப்போது என்ன சொல்லுவாள் என்று பார்க்க வேண்டும். இவளை மாதிரி பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு, அதற்கெல்லாம் மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து பழக வேண்டும். நடுவில் ஒரு யோசனை முள் மாதிரி தட்டியது, மதினியோடு அந்தப் புதுப் பெண்ணும் அல்லவா அலைய வேண்டியிருக்கும். இந்துஜா. கல்யாணத்தில் மயில் கதையைக் கேட்டுவிட்டு, மற்றவர்கள் போன பிறகு பக்கத்தில் வந்து, "சித்தி, நெஜமாவே அவ்ளோ நல்லாருக்குமா?" என்று கேட்ட பெண். சின்னப் புள்ளதான, தாங்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த உடனே ஏதோ சரியில்லை போல நெஞ்சில் ஒரு நெருடல், என்னவென்று பிடிபடுவதற்குள் போன் அடித்தது.

கண்ணைத் திறக்க முடியாது. "சிஸ்டர், இந்தப் பச்சைய மட்டும் கொஞ்சம் தள்ளி விடுங்க" என்று குரல் வந்த பக்கம் போனை நீட்டினாள். சிஸ்டர் தள்ளிவிட்டுக் காதில் வைத்துக்கொடுத்தாள்.

"ஏட்டி தங்கம், கண்ணு எப்படியிருக்கு? பெருசா ஒண்ணும் சொல்லலியே?" அதே குரல், சட்டியில் கரண்டி விழுந்தது போல.

"பாத்துக்கிட்டுதான் இருக்காங்க மதினி."

"பிளான் போட்டுட்டியா?"

போட்டுட்டேன் மதினி என்று ஆரம்பித்தாள். லாட்ஜைச் சொன்னாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மதினி. மெஸ்ஸைச் சொன்னாள், "சரி, மீன் நல்லாயிருக்கும்ல" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் மியூசியம் என்றாள், சொல்லும்போது தொண்டையில் அந்தக் கசப்பு மறுபடியும் வந்தது, மதினி அதற்கும் "சரி" என்றாள். கேள்வியே கேட்கவில்லை. நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டு ஊரையே மேய்த்தவள், சொன்னதுக்கெல்லாம் சரி சரி என்கிறாள், இப்படி இருந்தால் எப்படி வெட்டுவது. எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் அதட்டேன், கொஞ்சம் மறுத்துப் பேசேன், எனக்குக் கை கூசுதல்லவா என்று உள்ளுக்குள் கத்தினாள். "ஞாயித்துக்கிழமைதான் மதினி யோசனையா இருக்கு" என்றாள். "காலையில பத்து மணிக்கு ரூமக் காலி பண்ணணும். ரயிலு ராத்திரிதான். பையெல்லாம் ஸ்டேஷன் க்ளோக் ரூம்ல போட்டுட்டு..."

"அதெல்லாம் வேண்டாம், கண்டவன நம்பி எவன் வைப்பான். இதுல என்ன யோசன? நீயும் வந்துரு. பையெல்லாம் இந்துஜா எங்கயாவது நெழல்ல உக்காந்து பாத்துக்கிடட்டும், சின்னப் புள்ளதான. நாம பாத்துட்டு வந்ததும் அவ போயிட்டு வரட்டும்."

நாம. தங்கபுஷ்பம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷம் கழித்து அவளை நாமில் சேர்த்துவிட்டார்கள். உள்ளே வா என்கிறார்கள். சின்னப் புள்ள வந்துவிட்டாள், இனி நீ உள்ளே வரலாம். வேண்டுமென்று செய்கிறாளா என்று பார்த்தால் அதுவும் இல்லை, அந்தக் குரலில் துளிகூட விஷம் இல்லை, பருப்புக்கு உப்புப் போடச் சொல்கிற மாதிரி சொல்கிறாள், அன்றைக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பாள், சொன்ன மறுநிமிஷம் மறந்திருப்பாள். மறந்தவளைக் கேட்டுக்குக் கேட் அலையவிட்டு என்ன பிரயோஜனம். வெள்ளிக்கிழமை லீவு என்றால் நாளும் கிழமையும் சரியில்லை என்று சொல்லிவிட்டு ஒரு இளநீர் குடிப்பாள், எதற்காக என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டும். அதுதான் வேண்டும். மற்றதெல்லாம் சில்லறை. அதோடு ஒரு நிமிஷம் முன்னால் சின்னப் புள்ளதான தாங்கும் என்று தானே மனசுக்குள் சொன்னதும் நினைவுக்கு வந்தது, யார் வாயில் இருந்து எடுத்த சொல் அது. வாய் கசந்தது, மருந்தா வேறு ஏதாவதா தெரியவில்லை. இந்துஜா பைகளை நிழலுக்கு நிழல் இழுத்துக்கொண்டு போகிறாள், அரவிந்த் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான். மாட்டேன், அது மட்டும் நடக்க விடமாட்டேன், செண்பகவல்லி, உன்னை விடமாட்டேன்.

"மதினி, பிளான்ல ஒரு மாத்தம்" என்றாள். குரல் ரொம்ப இனிமையாக வந்தது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்த லாட்ஜு வேண்டாம், எழும்பூர்லயே லிப்ட் வச்சது நல்லதா ஒண்ணு இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடுற மாதிரி ஓட்டலும் பாத்துச் சொல்றேன். மியூசியம் வெள்ளிக்கிழமை கிடையாது, லீவு. ஞாயித்துக்கிழமை போவோம்."

"நல்ல வேள, கேட்டியா. அப்ப பை?"

"உள்ள ஒரே படியும் மாடியுமா இருக்கும் மதினி. உங்க முட்டிக்கு ஆகவே ஆகாது. அண்ணாச்சி, அரவிந்த், இந்துஜா மூணு பேரும் பாத்துட்டு வரட்டும். நீங்க வெளிய மரத்தடியில உக்காந்து பையப் பாத்துக்கிடுங்க."

"நானா?" என்றாள் மதினி. "ரயிலேறி அம்புட்டுத் தூரம் வந்துட்டு நான் வெளிய உக்காரவா?"

"முட்டிய யோசிங்க மதினி. இந்துஜாவுக்கு நல்லா இருக்கிற முட்டிதான."

"அது சரிதான்" என்றாள் மதினி. சரிதான் என்று சொல்லப் பிடிக்காமல் சொன்னாள். "அவ்வளவு நேரம் ஒத்தையில நான் என்ன செய்ய, பைத்தியக்காரி மாதிரி?"

"ஒத்தையில ஏன் இருக்கீங்க. நான் உங்ககூட உக்காந்திருப்பேன். நாம பேசிக்கிட்டு இருப்போம்." மதினிக்குப் பாத்ரூம் வந்தால் போய்விட்டு வரட்டும், பையைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கபுஷ்பம் முடிவு செய்தாள். அந்த அளவுக்கு அவள் செண்பகவல்லி இல்லை. ஆனால் மரத்தடி பெஞ்சில் மதினியைச் சுவரோரமாக உட்கார வைத்து, இந்தப் பக்கம் பைகளை அடுக்கி, அதற்கு இந்தப் பக்கம் தான் உட்கார வேண்டும், சுலபமாக எழுந்து போக முடியாதபடி. காலில் இருந்து ஒரு தெம்பு ஏறி வந்தது. இத்தனை வருஷம் "ம்" என்று மூடி வைத்ததை எதில் இருந்து ஆரம்பிப்பது என்றுகூட யோசிக்க வேண்டியதில்லை.

சிஸ்டர் வந்து தலையை நிமிர்த்தினாள். மூன்றாவது சொட்டு, வலது கண்ணில், பிறகு இடது கண்ணில். போன் காதிலேயே இருந்தது.

"நமக்குள்ள என்னத்தட்டி பேச இருக்கு?" என்றாள் மதினி. குரலில் இப்போது கரண்டி விழவில்லை. "அவங்க பாத்துட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம்" என்றாள் தங்கபுஷ்பம். "எனக்கு அவ்வளவு நேரந்தான் ஆச்சு மதினி, மைசூர்ல."